பதினான்காவது ஜெபக் குறிப்பு

எனக்கு வாய் அதிகம் என்று எங்கள் இல்லத்தில் இருக்கிற இருபத்தெட்டுப் பிள்ளைகளும் சொல்லும். பொய்யில்லை. தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தால், மோட்டாரை நிறுத்த மறந்தவள் எவள் என்று கண்டுபிடிக்கிற வரைக்கும் நான் ஓயமாட்டேன். அப்பேர்ப்பட்ட வாய், பேசியே ஆக வேண்டிய ஒரு நேரத்தில் பேசாமல் இருந்துவிட்டது. பேசக் கூடாத இடத்தில் அதற்கு முன்பே பேசியும் தொலைத்திருந்தது. இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

என் பெயர் பிரேமலதா. கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு போகிற வழியில், பெரிய ரோட்டை விட்டு இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது எங்கள் இல்லம். நான் அதன் வார்டன். குடிகார அப்பனிடமிருந்து வந்தவள், தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பப்பட்டுப் படிப்பு நின்றுபோனவள், வீட்டை விட்டு ஓடி ரயில்வே ஸ்டேஷனில் பிடிபட்டவள் என்று பல தினுசுப் பிள்ளைகள். அடங்காத பிள்ளைகள் என்று வெளியே சிலர் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். அடங்கிப் போயிருந்தால் இதுகளில் பாதி இன்றைக்கு உயிரோடு இருந்திருக்காது. சபையும் இல்லமும் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கின்றன. சபையின் பாஸ்டர் ஐயாதான் இல்லத்துக்கும் தலைவர். வீட்டுக்காரர் விட்டுவிட்டுப் போன பிறகு, இருபத்தாறு வயதில் ஒரு பையோடு நான் இங்கே வந்தேன். இருபத்தொரு வருஷம் ஆயிற்று. இதை விட்டால் எனக்குப் போக இடம் கிடையாது.

போன ஆனி மாதம் வெயிலு வந்தாள். முழுப் பெயர் வெயிலுகந்தம்மாள். வயது பதினைந்து, பத்தாம் வகுப்பு. குளத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். அப்பா இல்லை, அம்மா உப்பளத்துக்கு வேலைக்குப் போகிறவள். அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டது அம்மாவின் தம்பி சுடலைராஜ். வயது முப்பத்து நான்கு. வெயிலுவைத் தனக்குத்தான் கட்ட வேண்டும் என்று அவன் முடிவு பண்ணியிருந்தான். அவளுடைய அம்மாவும் சரி என்றுவிட்டாள். முடியாது என்று வெயிலு சொன்னதற்கு இரண்டு நாள் சோறு தண்ணீர் இல்லாமல் உப்பு மூட்டை அடுக்கும் அறையில் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறான். மூன்றாம் நாள் வெளியே வந்தவள், பள்ளிக்கூட டீச்சர் போனை வாங்கிக் குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பேசிவிட்டாள். அப்படித்தான் குழந்தைகள் நலக் குழு வழியாக எங்களிடம் வந்து சேர்ந்தாள். அவள் இருக்கும் இடத்தை வீட்டார் யாருக்கும் சொல்லக் கூடாது என்று ஒரு காகிதம் இருந்தது. அதில் கையெழுத்துப் போட்டவள் நான்.

வந்த புதிதில் ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"எங்க மாமா சத்தம் போடமாட்டாரு அக்கா. கை நீட்டவும் மாட்டாரு. தாயி தாயின்னு மெதுவாத்தான் பேசுவாரு. அவரு மெதுவாப் பேசுனாத்தான் எனக்குப் பயம்."

"இங்கன எவனும் வரமாட்டான். நான் எதுக்கு இருக்கேன்" என்று சொன்னேன். அதை நான் நம்பித்தான் சொன்னேன்.

இப்போது ஜெபச் சங்கிலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் சபையில் வருஷத்துக்கு ஒரு முறை ஐப்பசியில் அது நடக்கும். ஒரு குடும்பம் முடித்ததும் அடுத்த குடும்பம் என்று, மூன்று நாளைக்கு ஜெபம் அறுபடாமல் ஓடும். யார் யாருக்காக, எதற்காக என்று ஒரு பட்டியல் வேண்டும். பிள்ளைகளுக்கான பட்டியலை எழுதுவது என் வேலை. பொத்தாம்பொதுவாக ஜெபிக்கக் கூடாது என்பது எங்கள் சபையின் பழக்கம். ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதுகிற மாதிரி பெயர், வயது, ஊர், குறை எல்லாம் சொல்லி ஜெபிக்க வேண்டும் என்று பாஸ்டரம்மா எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். முன்பெல்லாம் கையால் எழுதி ஆளுக்கொரு தாளாகக் கொடுப்போம். இரண்டு வருஷமாகப் போனில்தான் அனுப்புகிறோம்.

பதினான்காவது குறிப்பை நான் இப்படி எழுதியிருந்தேன்: "வெயிலுகந்தம்மாள், வயது 15, குளத்தூர்ப் பக்கம். தாய்மாமன் கட்டாயக் கல்யாணத்திலிருந்து தப்பி வந்த பிள்ளை. பயம் நீங்கவும் தூக்கம் வரவும் பரீட்சையில் தேறவும் ஜெபிக்கவும்." கீழே இல்லத்தின் பெயர், ஊர், என் போன் நம்பர். பாசத்தோடுதான் எழுதினேன். மற்றப் பிள்ளைகளைவிட இரண்டு வரி அவளுக்குக் கூடவே எழுதினேன். கையெழுத்துப் போட்ட காகிதம் பீரோவுக்குள் இருந்தது. ஜெபக் குறிப்பு எழுதும்போது அது என் நினைவுக்கே வரவில்லை. ஆண்டவரிடம் சொல்வதை ஊரிடம் சொல்வதாக எங்களில் யாருமே நினைப்பதில்லை.

சபையின் வாட்ஸ்அப் குழுவில் நாற்பத்து மூன்று பேர் இருந்தார்கள். நாற்பத்து மூன்று பேரும் தங்களுக்குத் தெரிந்த ஜெபக் குழுக்களுக்கு அதை அனுப்பினார்கள். பாண்டிச்செல்வி என்றோ முத்துசெல்வி என்றோ பெயர் இருந்தால் வட்டாரத்தில் நூறு பேர் இருப்பார்கள், எவள் என்று யாருக்கும் தெரியாது. குளத்தூர்ப் பக்கம் பதினைந்து வயதில் வெயிலுகந்தம்மாள் ஒருத்திதான்.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை புதிதாக ஒரு ஆள் சபைக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, எண்ணெய் வைத்துச் சீவிய தலை. ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். புது ஆள் வந்தால் எங்கள் சபைக்குக் கால் தரையில் நிற்காது. ஒரு ஆத்துமா வந்துவிட்டது என்று ஆளாளுக்கு ஓடிப்போய்க் கைகுலுக்குவார்கள். நானும் போனேன். பாட்டுப் புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்தான்.

"எந்த ஊரு அண்ணாச்சி?"

"தூத்துக்குடிப் பக்கந்தான்மா. லோடு ஆட்டோ ஓட்டுதேன். ராஜுன்னு கூப்பிடுவாவ. மனசுக்குச் சமாதானமே இல்ல. இங்கன வந்தா கெடைக்கும்னு ஒருத்தர் சொன்னாவ."

மெதுவாகப் பேசினார். எவ்வளவு பணிவான மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் பிள்ளைகள் பெண்கள் பக்கம் முதல் மூன்று வரிசைகளில் முக்காடு போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆராதனை நேரத்தில் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். முடிந்ததும் பக்கவாட்டுக் கதவு வழியாக வரிசையாக இல்லத்துக்குப் போய்விடுவார்கள். அதனால் வெயிலு அவனைப் பார்க்கவில்லை. அவன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மூன்றாம் வாரம் இல்லத்துச் சமையலுக்கென்று இரண்டு மூட்டை கல் உப்பு கொண்டுவந்து இறக்கினான். "பிள்ளைகளுக்கு என்னால ஆனது" என்றான். எத்தனை பிள்ளைகள், எந்தப் பள்ளிக்கூடம், நடந்தா போகிறார்கள், லீவுக்கு எப்போது விடுவீர்கள் என்று கேட்டான். நான் ஒன்று விடாமல் பதில் சொன்னேன். நன்றியும் சொன்னேன்.

புதன்கிழமை சமையல்கட்டு முறை வெயிலுவுக்கு. உப்பு ஜாடியை நிரப்பச் சொல்லி ஸ்டோருக்கு அனுப்பினேன். வெகுநேரம் ஆளைக் காணோம். குழம்பு கொதித்துக் கிடக்கிறது. "ஏட்டி, உப்பு எடுக்கக் கடலுக்கா போயிருக்க" என்று கத்திக்கொண்டே போனேன். மூட்டைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்துக் கிடந்தது.

"அக்கா, இந்த உப்பு யாரு கொண்டாந்தது?"

"சபைக்கு வர்ற ஒரு அண்ணாச்சி. என்னத்துக்குக் கேக்க?"

"இது எங்க வீட்டுத் தையலு."

மூட்டையின் வாயைக் காட்டினாள். நீலக் கயிறு, மூன்று குறுக்குத் தையல், கடைசியில் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு முடிச்சு.

"எங்க மாமா இப்பிடித்தான் போடச் சொல்லுவாரு. வேற மாதிரிப் போட்டா பிரிச்சு மறுபடி போடச் சொல்லுவாரு. நானே எத்தன மூட்ட தச்சிருக்கேன்."

"உப்பு மூட்டைய எல்லாரும் கயிறு வச்சுத்தான் தைக்காங்க. வட்டாரத்துல இருக்க உப்புப் பூரா அங்கனருந்துதான் வருது. எந்திரி."

எழுந்திருக்கவில்லை. கையைப் பிடித்துத் தூக்கினேன். அந்தக் கை ஜில்லென்று இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைக்க ஆரம்பித்தது. மெதுவாகப் பேசுகிற ஆள், லோடு ஆட்டோ, தூத்துக்குடிப் பக்கம், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு நடந்தா போகிறார்கள் என்ற கேள்வி. அவளிடம் அதைக் காட்டிக்கொள்ளாமல், குழம்பு தீய்கிறது என்று சொல்லி விரட்டினேன்.

அன்று சாயங்காலம் காம்பவுண்டைச் சுற்றி வந்தேன். மூன்று பக்கமும் மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. இத்தனை வருஷமாகப் பார்க்கிற காடுதான். உள்ளே ஒரு ஆள் நின்றால் வெளியே தெரியாது என்பது அன்றைக்குத்தான் புத்தியில் ஏறியது. காற்றில் சோளத்தட்டை அசைந்த இடமெல்லாம் நின்று நின்று பார்த்தேன். முன் கேட்டுக்கு இரண்டாவது பூட்டு ஒன்று வாங்கிப் போட்டேன். பிள்ளைகளை இனி இல்லத்து வேனில்தான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவேன் என்று டிரைவரிடம் சண்டை போட்டேன்.

மறுநாள் காலையில் பாஸ்டர் ஐயாவிடம் போனேன். அவர் கெட்ட மனுஷர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷத்தில் எத்தனையோ குடிகாரர்களைத் திருத்தியிருக்கிறார். நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கிறவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு சிரித்தார்.

"எனக்குத் தெரியும்மா. போன வாரமே எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லி அழுதுட்டாரு. அவரு பேரு சுடலைராஜ்தான். அந்தப் பிள்ளையோட தாய்மாமன்தான். செஞ்சதுக்கெல்லாம் மன்னிப்புக் கேக்கணும்னு துடிக்காரு. வார ஞாயித்துக்கிழமை சபை முன்னால நின்னு சாட்சி சொல்லப் போறாரு."

"ஐயா, அவ வீட்டு ஆளுக்கு எடமே தெரியக் கூடாதுன்னு பேப்பர்ல கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"பேப்பரு மனுசன் எழுதுறது. மனந்திரும்பி வந்தவன நம்பலேன்னா நாம எதுக்குச் சபை நடத்துதோம்? அதுவுஞ்சரி, அவருக்கு எடம் எப்பிடித் தெரிஞ்சுதுன்னு நெனைக்கீங்க? ஒங்க ஜெபக் குறிப்பப் பாத்துத்தான் வந்திருக்காரு. ஒங்களத்தான் கர்த்தர் கருவியா வச்சிருக்காரு."

அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். நான் செய்த வேலைதான் இது. நலக் குழுவுக்குத் தெரிந்தால் யாரைக் கேட்பார்கள்? கையெழுத்துப் போட்டவளை. யாரை வெளியே அனுப்புவார்கள்? அவளைத்தான். நாற்பத்தேழு வயதில் அதே பையைத் தூக்கிக்கொண்டு எந்த பஸ்ஸில் ஏறுவது? வெயிலுவுக்காகப் பயந்துகொண்டுதான் அந்த அறைக்குள் போனேன். எனக்காகவும் பயந்துகொண்டு வெளியே வந்தேன்.

"பிள்ளைட்ட இப்பச் சொல்லாதீங்க, வீணா மெரளும். அன்னைக்கு அவரு மொகத்தப் பாத்தா பயம் தன்னால போயிரும்" என்றார்.

சரி ஐயா என்றேன்.

அந்த மூன்று நாளும் வெயிலு சரியாகச் சாப்பிடவில்லை. ஜன்னல் பக்கம் படுக்க மாட்டேன் என்று பாயைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். குளிக்கப் போனால் குட்டிப் பிள்ளை முத்துசெல்வியைக் கதவுக்கு வெளியே நிற்க வைத்துப் பேசச் சொன்னாள். பேச்சுச் சத்தம் நின்றால் உள்ளேயிருந்து கத்தினாள். சனிக்கிழமை சாயங்காலம் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, நாளைக்கு நான் கோயிலுக்கு வரல. காய்ச்சல்னு சொல்லிருங்க."

நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். "ஒரு காய்ச்சலும் இல்ல."

"பயமா இருக்குக்கா."

அப்போது சொல்லியிருக்கலாம். இரண்டு வார்த்தை போதும். முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் சடையை அவிழ்த்துப் பின்ன ஆரம்பித்தேன்.

"நான் ஒம் பக்கத்துலயே இருப்பேன். எவனையும் ஒன்னைத் தொட விடமாட்டேன். சரியா?"

"சரிக்கா" என்றாள். என்னை நம்பினாள் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம். அன்றைக்கு ராத்திரி இரண்டு தோசை கூடக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை பெய்து நின்றிருந்தது. கரிசல் மண் செருப்பில் அப்பிக்கொண்டு, கோயில் வாசலில் ஆளாளுக்குக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். வெயிலுவை முதல் வரிசை ஓரத்தில் உட்காரவைத்து நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாட்டு முடிந்தது. பாஸ்டர் ஐயா மைக்கைப் பிடித்து, இன்றைக்கு ஒரு சகோதரர் சாட்சி சொல்வார் என்றார். பின்னாலிருந்து ஆள் நடந்துவருகிற சத்தம் கேட்டது. அவன் முன்னால் போய்த் திரும்பி நின்றான்.

வெயிலு என் கையைப் பிடித்தாள். நகம் தோலுக்குள் இறங்கியது.

"எம் பேரு சுடலைராஜ்" என்று ஆரம்பித்தான். "எம் மருமவளுக்கு நான் பெரிய துரோகம் பண்ணிட்டேன். அவளக் காணாம பைத்தியம் புடிச்சு அலைஞ்சேன். ஒரு நா எங்கூட லோடு அடிக்கவன் போன்ல ஒரு ஜெபக் குறிப்பு வந்துச்சு. பதினாலாவது பேரு எம் மருமவ பேரு. ஆண்டவர்தான் எனக்குக் காட்டிக் குடுத்தாரு."

சபை கை தட்டியது. பாஸ்டரம்மா கண்ணைத் துடைத்தார்கள். நாலைந்து பேர் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார்கள். நான் எழுதிய குறிப்பு அற்புதம் செய்துவிட்டது என்று அவர்களுக்குப் பூரிப்பு.

"மன்னிப்புக் கேக்கணும்" என்றான் அவன். நிஜமாகவே கண்ணீர் ஓடியது. பாஸ்டர் ஐயா எங்களைப் பார்த்துக் கையை நீட்டினார். "பிரேமா, பிள்ளையக் கூட்டிட்டு வாங்க."

நான் எழுந்தேன். என்னோடு அவளும் எழுந்தாள். என் கையை விட்டால்தானே உட்கார முடியும், விடப் பயந்து கூட வந்தாள். முக்காடு நழுவியது, இழுத்துவிடவில்லை. அவன் முழங்கால் போட்டு அவள் காலைத் தொட்டான். சபை முழுக்க ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று சத்தம். பாஸ்டர் ஐயா கண்ணை மூடிக் கையை உயர்த்தி ஜெபித்துக்கொண்டிருந்தார். மைக் அவர் கையில் இருந்தது.

அவன் அவள் காலைப் பிடித்தபடியே நிமிர்ந்து பார்த்தான். கண்ணீர் இன்னும் நிற்கவில்லை. மெதுவாகச் சொன்னான்.

"கோவத்த விட்டுரு தாயி. தை பொறந்ததும் மாமா வந்து கூட்டிட்டுப் போறேன். நீ எங்கன போனாலும் மாமாவுக்குத் தெரிஞ்சிரும்."

அது வெயிலுவுக்குக் கேட்டது. எனக்கும் கேட்டது. வேறு ஒருவருக்கும் கேட்கவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். அழவில்லை, கேட்டாயா என்றுதான் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். கண்ணுக்கு முன்னால் சபை முழுவதும் எழுந்து நின்று அழுதுகொண்டிருக்கிறது. பாஸ்டரம்மா சிரித்துக்கொண்டே கை தட்டுகிறார்கள். இப்போது நான் இவன் பொய்யன் என்று சொன்னால், அந்தக் குறிப்பை எழுதியவள் யார், அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டவள் யார் என்று எல்லாம் வெளியே வரும். கீபோர்டு வாசிக்கிறவன் பாட்டை ஆரம்பித்தான். திறந்த வாயால் நான் பாடினேன். எல்லோரோடும் சேர்ந்து இரண்டு சரணமும் பாடினேன்.

அன்றைக்கு அவன் செலவில் சபையாருக்குச் சாப்பாடு. ஷெட்டில் பந்தி போட்டிருந்தார்கள். பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். எண்ணிப் பார்த்தேன், இருபத்தேழு. மறுபடி எண்ணினேன்.

"வெயிலக்கா பாத்ரூம் போறேன்னு போனாவ" என்றாள் முத்துசெல்வி.

பாத்ரூமில் இல்லை. படுக்கை அறையில் இல்லை. ஸ்டோரில் இல்லை. கிணற்றுக்கு ஓடினேன். மழைத் தண்ணீர் கலங்கிக் கிடந்தது, உள்ளே ஒன்றும் தெரியவில்லை. கிணற்றுக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் பெயரைக் கத்தினேன். என் குரல்தான் திரும்ப வந்தது. ஷெட்டுக்கு ஓடிவந்தபோது அதற்குள் பேச்சு பரவியிருந்தது. சுடலைராஜ் இலையில் உட்கார்ந்திருந்தான். வாயில் வைத்த சோற்றை மெல்வதை நிறுத்தினான். எழுந்து கையைக் கழுவினான். லோடு ஆட்டோவை எடுத்துக்கொண்டு போனான்.

அதுவரைக்கும் பயம் வேறு. அதற்கப்புறம் பயம் வேறு. அவளை யார் முதலில் கண்டுபிடிப்பது என்று ஆகிவிட்டது.

பின்பக்கம் சுவர் இடிந்த இடத்தில், மக்காச்சோளத்துக்குள் இறங்கிய காலடி இருந்தது. செருப்பில்லாத சின்னக் கால், ஈரக் கரிசலில் அச்சு எடுத்தாற்போல. எனக்குத் தெரிகிறது என்றால் அவனுக்கும் தெரியும். ஒவ்வொரு அடியையும் என் காலால் மிதித்து அழித்துக்கொண்டே ஓடினேன். சோளச் சோகை கையிலும் முகத்திலும் கிழித்தது. பத்தடி தள்ளி எதுவோ அசைந்தது. நின்றேன். மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். காட்டுப்பன்றியா, ஆளா என்று தெரியவில்லை. அது போகிறவரை நின்றுவிட்டு மறுபடி ஓடினேன். கால்தடம் பெரிய ரோட்டு பஸ் நிறுத்தத்தில் போய் முடிந்தது.

அங்கே டீக்கடை வைத்திருக்கிற கண்ணபிரான் அண்ணாச்சி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சபைக்கு வராத மனுஷன். எங்களோடு பெரிய பழக்கமும் இல்லை.

"அண்ணாச்சி, இங்கன ஒரு பிள்ளை..."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். சேலையெல்லாம் சேறு. முகத்தில் ரத்தம்.

"கோவில்பட்டி டவுன் பஸ்ல ஏறுனா. பொம்பளையளுக்கு டிக்கெட் கெடையாதுல்லா, நானே ஏத்திவிட்டேன். போலீஸ் ஸ்டேஷன் எங்கன இருக்குன்னு கேட்டா, கண்டக்டர்ட்ட சொல்லிவிட்டிருக்கேன்."

"வேற யாரும் வந்து கேட்டாவளா?"

"இப்பத்தான் ஒருத்தன் ஆட்டோவுல வந்தான். நான் எவளையும் பாக்கலன்னுட்டேன். திருநவேலி ரோட்டுல போறான்."

"ஏன் அப்பிடிச் சொன்னீய?"

"பிள்ளை கால்ல செருப்பு இல்ல. கேக்கவன் சிரிச்சிக்கிட்டே கேக்கான். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

அடுத்த பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். எதிரே வருகிற லோடு ஆட்டோவையெல்லாம் ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தேன். வழியெல்லாம் ஆண்டவரே ஆண்டவரே என்று மட்டும் வந்தது. மேற்கொண்டு கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மகளிர் காவல் நிலையத்துக்குள் நுழைந்ததும் அவளைப் பார்த்துவிட்டேன். பெஞ்சில் ஒரு பெண் போலீஸ் பக்கத்தில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தாள். உயிர் திரும்பி வந்தது. "என் தங்கமே" என்று கையை நீட்டிக்கொண்டு போனேன்.

வெயிலு பன்னைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். அந்தப் பெண் போலீசுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். நான் இன்னும் ஒரு அடி வைத்தால் சுவரோடு ஒட்டிவிடுவாள் போலிருந்தது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

இன்ஸ்பெக்டர் அம்மா நாற்காலியிலிருந்தே கேட்டார். "இவங்கதான் வார்டனா? இவங்ககூடப் போறியா?"

"வேண்டாம். இவியகூட அனுப்பாதீங்க."

"ஏன்?"

"எங்க மாமா தையில கூட்டிட்டுப் போறேன்னு சொன்னப்ப இவிய பக்கத்துலதான் நின்னாவ. கேட்டாவ. கேட்டுட்டுப் பாடுனாவ."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். "கேட்டீங்களா?"

"கேட்டேன்" என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஜெபக் குறிப்பு, கையெழுத்துப் போட்ட காகிதம், உப்பு மூட்டை, பாஸ்டர் ஐயா சொன்னது, நான் சரி என்றது, அவன் காலைப் பிடித்துக்கொண்டு சொன்ன வார்த்தை. எழுதி வாங்கிக்கொண்டார்கள். இதனால் என் வேலை போகும் என்று தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன், போய்விட்டது. அவன் மேல் வழக்குப் பதிவானது. அன்று சாயங்காலமே அவனைக் கயத்தாறில் வைத்துப் பிடித்தார்கள். இதெல்லாம் எனக்கு ஆறுதலாக இருக்க வேண்டும். இல்லை.

நான் எழுதிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது பெஞ்சில் அவள் இல்லை. நலக் குழுவிலிருந்து வந்த அம்மா பின்வாசல் வழியாகக் கூட்டிப் போய்விட்டார்களாம்.

"எந்த ஊரு இல்லத்துக்கு அனுப்புதீங்க மேடம்? துணிமணி, பாடப் புத்தகமெல்லாம் அங்கனயே கெடக்கு. பரீட்சை வருது. கொண்டுபோய்க் குடுக்கணும்."

"இங்க கொண்டுவந்து குடுங்க. நாங்க அனுப்பிக்குவோம்."

"ஊரு மட்டுமாவது சொல்லுங்க."

இன்ஸ்பெக்டர் மேஜையிலிருந்த ஒரு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். வெயிலுவின் உருண்டைக் கையெழுத்து. நான் இருக்கப் போகிற இடத்தைக் கீழே இருக்கிற இரண்டு பேருக்கும் சொல்லக் கூடாது என்று எழுதியிருந்தாள். முதலில், தாய்மாமன் சுடலைராஜ். இரண்டாவதாக, பிரேமா அக்கா.